ரோஜா பழுக்கும் கடற்கரை



ஆண்டிறுதி விடுமுறையில் ஜப்பானின் வடகோடித் தீவாகிய ஹொக்கைடோவுக்குச் சென்று திரும்பிய சக ஆசிரியை ஒருவர், எங்கள் ஆசிரியர் அறைக்குச் சிறிய கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் ஜாம். ஆளுக்கொரு ரொட்டித் துண்டில் தடவி உண்டோம். புளிப்பும் இனிப்புமாய், தக்காளியையும் கொய்யாவையும் ஒருசேர நினைவூட்டும் சுவை.

"இது ரோஜாப் பழத்துல செஞ்சது, ஐயா" என்றார் அவர்.

"ரோஜாவில் ஏது பழம், டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன். பள்ளி வளாகத்தில் ஆண்டுக்கணக்காய் ரோஜா வளர்த்து வருகிறவன் நான். ஆயினும் அச்செடி காய்த்துப் பழுத்ததைக் கண்டதில்லை. காணாததற்குக் காரணம் எளிது. சாமி படத்துக்கும் கூந்தலுக்குமாகப் பூவைப் பறித்துவிடுகிறோம். வாடியதையும் தோட்டக்காரர் நறுக்கிவிடுகிறார். காயாகும்வரை எவரும் காத்திருந்ததில்லை.

அன்று மாலை தொடங்கிய தேடல், ஜாம் புட்டியிலிருந்து புறப்பட்டு, 1807-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் ஒரு கடற்கரையில் மாண்டுபோன 72 மனிதர்களிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. அதனை எழுதாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

முதலில் செடியைப் பற்றிச் சில சொற்கள். ஜப்பானியர் இதனை 'ஹமானாசு' என்பர். 'ஹமா' எனில் கடற்கரை. 'நாஷி' எனில் பேரிக்காய். கடற்கரைப் பேரி எனும் பொருள்பட வழங்கிய 'ஹமானாஷி' என்பதே வடபுல மக்களின் நாவில் 'ஹமானாசு' எனத் திரிந்தது என்பது பரவலான விளக்கம். பூவைக் கண்டு பெயரிடாமல் கனியைக் கண்டு பெயரிட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உண்டவர்கள் இட்ட பெயர் அது. தாவரவியலார் 'ரோசா ருகோசா' என்பர். 'ருகோசா' என்பது சுருக்கம் விழுந்த அதன் இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்.

ஹொக்கைடோ, வட ஹொன்ஷு, கொரியா, வடகிழக்குச் சீனம், சகாலின், கம்சட்கா ஆகிய நிலங்களின் கரையோர மணல்மேடுகளே இதன் தாயகம். இடுப்பளவு அல்லது அதற்குச் சற்று மேலாக வளரும் புதர். தண்டு முழுவதும் ஊசிபோல் முட்கள். உப்புக்காற்று இதனை வாட்டுவதில்லை. மணல் மூடினால், மூடிய தண்டிலிருந்தே புதுத் துளிர் விடும். நிலத்தடியில் வேர்க்கன்றுகளை நீட்டி நீட்டி ஒரு செடி காலப்போக்கில் ஒரு புதர்க்காடாகும். கோடையில் கருஞ்சிவப்பு கலந்த இளஞ்சிவப்பு மலர்கள் பூக்கும். வெள்ளையும் உண்டு. மலர் உதிர்ந்தபின் அதன் அடிப்பகுதி பருத்து, சற்றே தட்டையான உருண்டையாகி, கோடை முடிவில் சிவக்கும். நம் சந்தையில் விற்கும் சிறு தக்காளியை அப்படியே ஒத்திருக்கும். ஒரே புதரில் மலரும் கனியும் சேர்ந்து நிற்கும் காட்சி அந்நாட்டு அஞ்சலட்டைகளில் இடம்பெறுவது இயல்பே.

வளர்ப்பவர்கள் பெரும்பாலும் விதையை நாடுவதில்லை. விதை முளைக்க ஒரு குளிர்காலத்தைக் கடந்தாக வேண்டும். அதனால் வேரோடு கூடிய பக்கக்கன்றைப் பெயர்த்து நடுவதே வழக்கம். கனி வேண்டுமாயின் வாடிய பூவை நறுக்கலாகாது. முழுதும் நிறம் ஏறியபின், கை அழுத்தத்துக்கு இன்னும் இறுக்கமாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். உறைபனி விழுந்தபின் கனி மென்மையாகி இனிக்கும், ஆனால் விரைவில் குழைந்துபோகும். அறுவடையில் ஒரு சங்கடம் உண்டு. கனியின் உள்ளே விதைகளைச் சுற்றி நுண்ணிய மயிர்கள் அடர்ந்திருக்கும். அவை தோலில் பட்டால் அரிப்பு, தொண்டையில் இறங்கினால் எரிச்சல். ஆதலின் கனியைப் பிளந்து, உள்ளிருப்பதைச் சுரண்டி எறிந்துவிட்டு, சதையை மட்டும் எடுப்பர். ஐரோப்பியச் சிறுவர்கள் அம்மயிரைச் சேகரித்துத் தோழர்களின் சட்டைக்குள் போடுவதுண்டாம். நம் பிள்ளைகள் மட்டும்தான் குறும்பு செய்கிறார்கள் என்று இனி நான் சொல்வதற்கில்லை!

இக்கனியை நெடுங்காலம் உண்டுவந்தவர்கள் ஹொக்கைடோவின் பழங்குடிகளாகிய ஐனு மக்கள். மீனும் மானும் அவர்களது முதன்மை உணவு. காட்டுக் கீரையும் கிழங்கும் கனியும் பெண்கள் சேகரித்துவந்த உணவு. கடற்கரை ரோஜாக் கனியைப் பச்சையாகவும் சமைத்தும் உண்டனர். முள் நிறைந்த அதன் கிளையை வாயிலில் வைத்தால் கொள்ளைநோயைக் கொணரும் தீய ஆவி அண்டாது எனவும் நம்பினர். நாம் வேப்பிலை செருகுவதை எண்ணிக்கொண்டேன்.

இனி 1807-க்கு வருவோம்.

அந்நாளில் ஹொக்கைடோவுக்கு 'எசோ' என்று பெயர். ஜப்பானியரின் ஆட்சி அத்தீவின் தென்கோடியில் மட்டுமே வேரூன்றியிருந்தது. வாணிகம் வேண்டி நாகசாகித் துறைமுகத்துக்கு வந்த உருசியத் தூதர் ரெசானோவ் 1805-இல் வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்டார். அதன் எதிரொலியாக 1806-இலும் 1807-இலும் உருசியக் கப்பலினர் சகாலினிலும் எத்தோரோபுத் தீவிலும் இருந்த ஜப்பானியக் குடியிருப்புகளைத் தாக்கினர். அஞ்சிய அரசு, வட ஹொன்ஷுவின் குறுநில ஆட்சிகளுக்கு ஆணையிட்டு எசோவின் கரைகளுக்குக் காவற்படைகளை அனுப்பியது. அவ்வாறு, ஹிரோசாகியைத் தலைநகராகக் கொண்ட சுகாரு குறுநிலத்திலிருந்து 100 பேர், ஓகோட்சுக் கடலை நோக்கிய ஷாரி என்னும் இடத்துக்குச் சென்று சேர்ந்தனர்.

எதிரி வரவில்லை. பனிக்காலம் வந்தது. அவசரத்தில் எழுப்பிய குடில்களுள் காற்றும் பனியும் புகுந்தன. கடலோ மிதக்கும் பனிப்பாறைகளால் மூடப்பட்டது. உணவு பெரும்பாலும் சேமித்த அரிசியும் உப்பிட்ட பண்டங்களும். முகமும் கால்களும் வயிறும் வீங்கும் ஒரு நோய் படையினரிடையே பரவியது. ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். வசந்தம் திரும்பி மீட்புக்கப்பல் வருவதற்குள் இறந்தோர் தொகை 72.

சுகாரு ஆட்சி இச்செய்தியை வெளியே பேசவில்லை. பிழைத்தவர்களுள் ஒருவரான சைட்டோ கட்சுரி என்னும் வீரர் எழுதிய நாட்குறிப்பு, 1954-ஆம் ஆண்டு தோக்கியோவின் பழைய புத்தகக் கடை ஒன்றில் தற்செயலாகக் கிடைத்த பின்னரே உலகம் இதனை விரிவாக அறிந்தது. ஏறக்குறைய 150 ஆண்டுகள்! வரலாறு என்பது பல வேளைகளில் இப்படித்தான் ஒரு பழைய புத்தகக் கடையின் தயவில் உயிர்பிழைக்கிறது.

அந்நோய் எது? உயிர்ச்சத்து 'சி' குறைவால் வரும் ஸ்கர்வி என்பது இன்று பெரிதும் சொல்லப்படும் கருத்து. உயிர்ச்சத்து 'பி' குறைவால் வரும் பெரிபெரி என்போரும் உளர். இரண்டும் கலந்திருந்ததாகக் கொள்வதில் தவறில்லை என்று எனக்குப் படுகிறது. பல பாலூட்டிகளைப் போலன்றி, மனிதவுடல் உயிர்ச்சத்து 'சி'-யைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. பச்சைக் காயோ கனியோ இன்றி ஓரிரு மாதங்கள் முதல் மூன்று மாதங்களுக்குள் ஸ்கர்வி தலைகாட்டிவிடும்.

ஷாரியை அடுத்த ஓகோட்சுக் கரை இன்று எதற்குப் பெயர்பெற்றது தெரியுமா? கடற்கரை ரோஜாவுக்கு! அண்மையிலுள்ள கொஷிமிசு இயற்கை மலர்வெளிக்குக் கோடையில் பயணிகள் திரள்கின்றனர். படையினர் வந்திறங்கியதோ கோடையில். கனி சிவக்கும் இலையுதிர்காலத்தை அவர்கள் அக்கரையில்தான் கழித்தனர். அக்கனியின் பயனை அறிந்த ஐனு மக்கள் வாழ்ந்த நிலம் அது. பறித்து உலர்த்தியிருந்தால் 72 பேரும் பிழைத்திருப்பர் என்று நான் வாதிடவில்லை. உலர்ந்த கனியில் சத்தின் ஒரு பகுதியே தங்கும், நோய்க்கும் வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். ஆயினும் காலடியில் கிடந்த மருந்தைப் பற்றி எவரேனும் அவர்களிடம் சொன்னார்களா, சொல்லியும் கேட்கவில்லையா என்ற கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. காட்டுமக்கள் உண்பது நாகரிகர்க்கு உணவன்று என்னும் எண்ணம் எங்கும் உள்ளதுதானே.

பின்னாளில், 1855-இல், வடகோடியான சோயாவில் காவலிருந்த சுகாரு வீரர்களுக்கு இதே வீக்கநோய்க்கு மருந்தாகக் காப்பிக்கொட்டை வழங்கப்பட்டது. டச்சுக்காரர் வழியே நெடுந்தொலைவு கடந்து வந்த காப்பி! கரையில் பழுத்த கனிக்கு அந்த மதிப்பு வாய்க்கவில்லை.

இச்செடியை மேலைநாட்டு அறிவுலகுக்கு அறிமுகப்படுத்தியவர், லின்னேயசின் மாணவரான துன்பெர்க் என்னும் சுவீடன் நாட்டு மருத்துவர். டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் பணியில் 1775-இல் நாகசாகி சென்று, திரும்பும் வழியில் இலங்கையிலும் தங்கி மூலிகைகள் சேகரித்தவர் அவர். 1784-இல் வெளியிட்ட ஜப்பானியத் தாவர நூலில் 'ரோசா ருகோசா' என்ற பெயரை இட்டார். 1796-இல் இச்செடி இங்கிலாந்துக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் கீழைக்கரையிலும் தோட்டச்செடியாகப் பரவிற்று. மணலைப் பிடித்துவைக்கும் ஆற்றலைக் கண்டு கடற்கரைகளில் நட்டனர். செருமானியர் இதன் இலையைப் பார்த்து 'உருளைக்கிழங்கு ரோஜா' என்று பெயர் வைத்தது எனக்குச் சிரிப்பை வரவழைத்தது.

ரோஜாக் கனியின் வரலாற்றில் உச்சமான பகுதி இரண்டாம் உலகப்போர்க்கால இங்கிலாந்து. அங்குப் பறித்தவை பெரும்பாலும் கடற்கரை ரோஜாக் கனிகளல்ல, வேலியோரங்களில் தானாய் வளரும் நாய்-ரோஜா முதலிய காட்டினங்களின் நீண்டு மெலிந்த கனிகள். இதனைத் தெளிவுபடுத்திவிட வேண்டும், பலர் குழப்பிக்கொள்கின்றனர். செருமனியின் நீர்மூழ்கிகள் கப்பல் வழிகளை நெருக்கியதால் ஆரஞ்சுப் பழ இறக்குமதி அருகிப்போயிற்று. கைக்குழந்தைகளுக்கு உயிர்ச்சத்து 'சி' எங்கிருந்து வரும்? ஆரஞ்சில் 100 கிராமுக்கு 50 மில்லிகிராம் அளவில் இருக்கும் அச்சத்து, காட்டு ரோஜாக் கனியில் 400 மில்லிகிராமுக்கு மேலும் காணப்படுவதுண்டு. கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ரொனால்ட் மெல்வில், உணவறிவியலார் மேக்னஸ் பைக் ஆகிய இருவரும் நாட்டின் பல பகுதிக் கனிகளையும் ஆய்ந்து, வடக்கே செல்லச் செல்லச் சத்து மிகுவதைக் கண்டனர். இசுகொட்லாந்துக் கனி இங்கிலாந்தின் தென்பகுதிக் கனியை விஞ்சியது.

1941-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் சுகாதார அமைச்சு கனி சேகரிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டந்தோறும் மூலிகைக் குழுக்கள். பறித்தவர்களோ பெரும்பாலும் பள்ளிப்பிள்ளைகளும் சாரணரும் மகளிர் மன்றத்தினரும். முதலாண்டிலேயே ஏறத்தாழ 200 டன் சேர்ந்தது. ஒரு கனி ஓரிரு கிராம் எடை. முள் கிழித்த விரல்களோடு அதனை 200 டன்னாக்கிய கைகளை எண்ணிப் பாருங்கள். கூலி, ஒரு இராத்தலுக்கு 2 அல்லது 3 பென்சு. பாடநூல்களில் அப்போர் சர்ச்சிலின் உரைகளாகவும் விமானச் சண்டைகளாகவும் இடம்பெறுகிறது. பத்து வயதுப் பிள்ளைகளின் கூடைகளும் அப்போரின் பகுதியே என்று என் வகுப்பில் இனிச் சொல்லப்போகிறேன்.

கனிகள் ஆலைகளில் பாகாக்கப்பட்டுப் புட்டிகளில் விற்கப்பட்டன. வீட்டில் செய்வோருக்காக உணவு அமைச்சும் செய்முறை வெளியிட்டது. இரண்டு இராத்தல் கனியை அரைத்தவுடன், ஒரு நொடியும் தாமதியாமல், கொதிக்கும் நீரில் போட வேண்டும். அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. கனியை நசுக்கியதும் அதிலுள்ள ஒருவகை நொதி உயிர்ச்சத்தை அழிக்கத் தொடங்கும். கொதிநீர் அந்நொதியைச் செயலிழக்கச் செய்யும். மீண்டும் கொதி வந்ததும் இறக்கி, 10 அல்லது 15 நிமிடம் ஆறவிட்டுத் துணியில் வடிகட்டுவர். சக்கையை மறுபடியும் கொதிநீரில் ஊறவைத்து வடிப்பர். அந்த அரிப்பு மயிர் ஒன்றும் தங்காதபடி வடிகட்டுதல் இன்றியமையாதது. பின்பு சாற்றைச் சுண்டக்காய்ச்சிச் சர்க்கரை சேர்ப்பர். செம்புப் பாத்திரம் ஆகாது. செம்பு பட்டால் அச்சத்து விரைந்து கெடும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் விரும்பி அருந்தும் ரைபினாவும் இதே காலத்தின் பிள்ளைதான். பிரிஸ்டல் நகரில் கருந்திராட்சைவகைக் கனியிலிருந்து 1938-இல் விற்பனைக்கு வந்து, போர்க்காலத்தில் குழந்தைகளுக்கு ஊட்டப்பெற்ற பானம் அது. பெருநாட்களில் விருந்தினருக்குக் கரைத்து வைக்கும் அந்தக் கருஞ்சிவப்பு நீருக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

அதே ஆண்டுகளில் இந்நாட்டில் என்ன நடந்தது என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. சிங்கப்பூர் சாங்கிச் சிறைமுகாமில் அடைபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் ஊட்டக்குறைவால் கண்பார்வை மங்கியும் தோல் வெடித்தும் துன்புற்று, லாலாங் புல்லை அரைத்துச் சாறெடுத்துக் குடித்தனர். அது 'பி' வகை உயிர்ச்சத்துக்காக. மகன் இங்கிலாந்தில் வேலியோரம் கனி பறிக்க, தந்தை சாங்கியில் புற்சாறு குடித்த குடும்பங்கள் இருந்திருக்க வேண்டும்.

தமிழ்நிலத்துக்கும் இதில் ஒரு பங்குண்டு. நீலகிரியின் குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம், 1935 முதல் ஐக்ராய்ட் என்பாரின் தலைமையில் நம் உணவுகளை ஒவ்வொன்றாகப் பகுத்தாய்ந்தது. அங்குத் தொடங்கிய உணவு அட்டவணையில் நெல்லிக்காய்க்கு 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் உயிர்ச்சத்து 'சி' என்ற எண் இடம்பெற்றது. போரின்போது நெல்லிப்பொடி மாத்திரை பிரிட்டிஷ் இந்தியப் படையினருக்கு வழங்கப்பட்டது. ஷாரியில் நடக்காத ஒன்று குன்னூரின் காலத்தில் நடந்தது. பாட்டி அறிந்ததைப் படைத்தலைமை கேட்டுக்கொண்டது.

போருக்குப் பின் ஆலைகளில் செயற்கை முறையில் ஆக்கிய மலிவான அஸ்கார்பிக் அமிலம் பெருகியது. கனிப் பாகு மெல்ல மெல்ல மறைந்தது. சுவீடனில் ரோஜாக் கனிக் கஞ்சி இன்றும் அன்றாட உணவாக நிற்கிறது.

கடற்கரை ரோஜாவின் நிலை என்ன? ஐரோப்பாவின் மணற்கரைகளில் நட்டது அடங்காமல் பரவி, அங்கே காலங்காலமாய் வாழ்ந்த சிறு செடிகளை மூடிவிட்டது. அதன் கனி கடல்நீரில் வாரக்கணக்கில் மிதந்து புதுக்கரை சேரும். 2010-இல் இங்கிலாந்தும் வேல்சும் இதனைக் காட்டுநிலத்தில் பரவவிடலாகாத செடிகளின் பட்டியலில் சேர்த்தன. பின்லாந்தில் 2022 முதல் வளர்ப்பதற்கே தடை. கரையோரங்களில் இயந்திரம் கொண்டு வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். தாயகத்தின் தென்னெல்லையிலோ நிலைமை நேர்மாறு. ஜப்பானின் தொத்தோரி, இபராக்கி மாநிலங்களில் இச்செடி இயல்பாய் வளரும் கடைசி இடங்கள் 1922 முதல் இயற்கை நினைவுச்சின்னங்களாகக் காக்கப்படுகின்றன.

1978-இல் ஹமானாசு ஹொக்கைடோவின் மாநில மலராயிற்று. இன்றைய பேரரசி மசாக்கோவின் தனிச்சின்னமும் இம்மலரே. அக்கனியை உண்டு அதன் முட்கிளையை வாயிலில் வைத்த ஐனு மக்களோ 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வேட்டை, மீன்பிடி வாழ்வையும் மொழியையும் இழக்க நேர்ந்தது. அச்சட்டம் நீங்கியது 1997-இல். பழங்குடி என்று சட்டம் அவர்களை ஏற்றதோ 2019-இல். மலரைவிட 41 ஆண்டுகள் பிந்தி.

ஷாரியும் ஹிரோசாகியும் 1983-இல் நட்பு நகர்களாயின. மாண்ட 72 பேரின் ஊரில் வழங்கும் 'நெபுட்டா' விளக்கு ஊர்வலத்தை ஷாரி மக்கள் அவ்வாண்டு முதல் தம் தெருக்களில் நடத்துகின்றனர். அது நடைபெறுவது கோடையில், கரையில் ரோஜா பூத்துக் காயாகிக்கொண்டிருக்கும் பருவத்தில்.

ஆசிரியர் அறையின் ஜாம் புட்டி இரண்டே நாளில் காலியாயிற்று. கழுவி என் மேசையில் வைத்திருக்கிறேன். பள்ளி ரோஜாச் செடியின் ஒரு கிளையில் மட்டும் பூவை நறுக்க வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். நம் வெப்பத்தில் வளரும் அந்த ஒட்டுரகம் காய்ப்பது ஐயமே. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் நாள்தோறும் ஓய்வுநேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் ஒண்ணும் காணோம், ஐயா" என்கிறார்கள்.